ஏர் ஃபில்டரைக் கழற்றியவன் எழுதும் வரலாறு: டர்ட் பைக்கும் வீட்டு ரிப்பேரும்

பி.காம் படிக்கிறவனுக்கு பைக் வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது.

என் மாமாவிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ் 100 இருந்தது. 1993-ல் வாங்கியது. முப்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். நான் காலேஜ் சேர்ந்ததும், "பத்திரமா வெச்சுக்க மாப்ள" என்று சாவியைக் கையில் கொடுத்தார். நானும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், கோடை லீவு வரும்வரை. அந்த வருஷம் எங்கள் ஊர்க் குளம் சுத்தமாக வற்றிவிட்டது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து குளத்துக்குள்ளேயே ட்ராக் போட்டு, மண் பறக்க ஓட்ட ஆரம்பித்தோம். அதில் ஒரு புண்ணியவான், "ஏர் ஃபில்டரைக் கழட்டி வீசுடா, சவுண்டும் பிக்கப்பும் பிச்சுக்கும்" என்றான். கழற்றினேன். சவுண்டு நிஜமாகவே பிச்சுக்கொண்டது. மூன்று மாதத்தில் இன்ஜினும் பிச்சுக்கொண்டது :-)

கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லை, கால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. மெக்கானிக் அண்ணன் பிளாக்கைக் கழற்றி பிஸ்டனைக் காட்டினார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். "ஏந்தம்பி, குளத்தை அப்படியே உள்ள ஊத்தி ஓட்டுனியா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ரீபோர் செய்வது பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்தால் லேத்தில் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25 மி.மீ, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாக. ஒவ்வொரு முறையும் இரும்புச் சுவர் மெலியும். கடைசி அளவுக்குப் போய்விட்டால் அதற்கு மேல் அந்தச் சுவரில் கடைய இடமில்லை. மாமா முப்பது வருஷத்தில் இரண்டு படியைச் செலவழித்திருந்தார். நான் மூன்று மாதத்தில் ஒரு படியைத் தின்றுவிட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று. எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் தேய்மானம். ஆனால் பாடப்புத்தகத் தேய்மானம் பேப்பரில் மட்டும்தான் நடக்கும். இது என் கண்முன்னால் இரும்பில் நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஃபில்டரை எதற்கு வைத்தார்கள், அதை வீட்டில் கழுவ வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. டர்ட் பைக்கில் வீட்டில் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ரோட்டு வண்டியை சர்வீஸ் சென்டரை நம்பிச் செய்கிறார்கள். டர்ட் பைக்கை, ஓட்டுகிறவனே ஸ்பேனர் பிடிப்பான் என்று நம்பிச் செய்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் கதை.

ஆறு நாள் பரீட்சை

1913-ல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஒரு போட்டி தொடங்கியது. பெயர் 'இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் டிரையல்'. ஆறு நாள், கரடுமுரடான பாதை, ஒரே வண்டி. இந்தப் போட்டி வளர வளர அதன் விதிகளும் இறுகின. இன்ஜின், ஃபிரேம் போன்ற முக்கியப் பாகங்களில் பெயின்ட் அடையாளமோ சீலோ வைத்துவிடுவார்கள், மாற்ற முடியாது. ராத்திரி வண்டி பூட்டிய வளாகத்துக்குள் போய்விடும், தொட முடியாது. காலையில் சில நிமிடம் மட்டும் வேலை பார்க்க நேரம் தருவார்கள். டயர் மாற்றுவதோ, செயின் இறுக்குவதோ, எதுவானாலும் ஓட்டுகிறவர்தான் செய்ய வேண்டும். வேறொருவர் ஸ்பேனரைத் தொட்டால் போட்டியை விட்டு வெளியே.

யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் இதில் ஜெயிக்க முடியாது. பஞ்சர் ஒட்டவும் தெரிந்திருக்க வேண்டும். 1964-ல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் நடந்த போட்டியில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அமெரிக்க அணியில் ட்ரையம்ஃப் வண்டியில் கலந்துகொண்டார். எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் விதி விதிதான், அவர் வண்டியை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவம், விபத்தாகிப் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. இன்றைக்கு இதே போட்டி 'சிக்ஸ் டேஸ் எண்டியூரோ' என்ற பெயரில் நடக்கிறது.

இன்னொரு பக்கம், 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் 'சதர்ன் ஸ்காட் ஸ்கிராம்பிள்' என்று ஒரு பந்தயம் நடந்தது. மேடு, பள்ளம், சேறு என எதையும் பார்க்காமல் யார் முதலில் வருகிறார் என்ற பந்தயம். அதிலிருந்து வளர்ந்ததுதான் மோட்டோகிராஸ். 'மோட்டோ' என்ற பிரெஞ்சுச் சொல்லோடு 'கிராஸ் கண்ட்ரி'யின் பாதியைச் சேர்த்து வைத்த பெயர் இது. 1957-ல் உலக சாம்பியன்ஷிப்பாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்து வண்டிகள் தனியாகப் பந்தயத்துக்கென்று பிறந்தவை அல்ல. பெரும்பாலும் ரோட்டு வண்டிதான். ஓட்டுகிறவர்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்து லைட்டைக் கழற்றி, ஹேண்டில் பாரை அகலமாக்கி, டயரை மாற்றி எடுத்துவருவார்கள். ஆக, டர்ட் பைக் என்ற பொருளே வீட்டு ரிப்பேரில் பிறந்த குழந்தைதான்.

மூன்றே அசையும் பாகம்

இந்தக் கதையில் அடுத்த திருப்பம் டூ ஸ்ட்ரோக். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் ஆர்.டி 125 என்ற எளிய வண்டியைச் செய்தது. போர் முடிந்ததும் அந்த வடிவமைப்பு உலகத்துக்கே பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ பேன்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, சோவியத் ரஷ்யாவில் மாஸ்க்வா, 1955-ல் ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ 1 என எல்லாமே அதைப் பார்த்துச் செய்தவை. மாமாவின் ஆர்.எக்ஸ் 100-க்கு எள்ளுத்தாத்தா ஜெர்மனிக்காரர் என்பது எனக்கே புதுச் செய்தி.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் அடிப்படையில் அசையும் பாகம் மூன்றுதான். பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருக்கிற வால்வு, கேம், கேம் செயின் எதுவும் கிடையாது. நாலு நட்டைக் கழற்றினால் பிளாக் கையோடு வந்துவிடும். பிஸ்டனும் ரிங்கும் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

பந்தயத்தில் இதை ஆரம்பத்தில் யாரும் மதிக்கவில்லை. இங்கிலாந்தில் கிரீவ்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் டேவ் பிக்கர்ஸ் 1960, 1961 இரண்டு வருஷமும் 250 சி.சி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 500 சி.சி பிரிவில் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ ஃபோர் ஸ்ட்ரோக்கில் 1964, 1965 உலகப் பட்டங்களை வென்றார். அடுத்த வருஷமே, 1966-ல், பால் ஃபிரெட்ரிக்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட் டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். எடை குறைவு, சக்தி அதிகம், ரிப்பேர் சுலபம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் மண்ணில் டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியம்தான்.

தூசி வந்தது, ஸ்பாஞ்சும் வந்தது

இப்போது என் வில்லனுக்கு வருவோம்.

இங்கிலாந்து ஈர பூமி. அங்கே பந்தய வண்டிக்கு எதிரி சேறு. ஆனால் 1960களில் இந்த விளையாட்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்கும் அதற்குத் தெற்கே மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்துக்கும் போனபோது எதிரி மாறியது. 1962-ல் டேவ் எக்கின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் ஹோண்டா சி.எல் 72 வண்டிகளில் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை சுமார் 1,500 கி.மீ தூரத்தைச் சுமார் 40 மணி நேரத்தில் கடந்தார்கள். கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் தந்தி அலுவலகங்களில் பதிவானது. 1967-ல் அதே நிலத்தில் நடந்த பந்தயம்தான் இன்றைய பாஹா 1000-இன் ஆரம்பம். பாலைவனத்தில் முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதி, பின்னால் வருகிற வண்டியின் கார்புரேட்டருக்குள்தான் போகும்.

மணலில் இருப்பது குவார்ட்ஸ். அது சிலிண்டரின் இரும்பை விடக் கடினம். உள்ளே போகிற தூசி, பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம். காற்று நேராக கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறும். அதனால் கிராங்க் பேரிங்கும் சேர்ந்து பலியாகும்.

இதற்கு வந்த மருந்துதான் எண்ணெயில் தோய்த்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். பேப்பர் ஃபில்டர் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். ஸ்பாஞ்ச் அப்படியில்லை. அதன் ஆயிரம் சின்னச் சின்ன அறைகளில் ஒட்டுகிற எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கிறது. இதைக் கவனியுங்கள்: தூசியைப் பிடிப்பது எண்ணெய். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச் கொசுவலையில் மாவு சலிக்கிற மாதிரிதான்.

கழுவும் முறை இதுதான். முதலில் மண்ணெண்ணெயிலோ அதற்கென்று விற்கும் கிளீனரிலோ அலச வேண்டும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், ஃபில்டரின் ஒட்டு விட்டுப்போவது இன்னொரு பக்கம். அடுத்து சோப்புத் தண்ணீரில் கசக்க வேண்டும். ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தால் கிழிந்துவிடும், உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும். நிழலில் நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் ஊற்றி எல்லா இடத்திலும் பரவும்படி பிசைந்து, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட வேண்டும். மாட்டும்போது ஓரம் எங்கேயும் தூக்கிக்கொண்டு நிற்காமல் உட்கார வேண்டும். ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் தூசிக்கு அது ராஜபாட்டை. வேலை மொத்தம் அரை மணி நேரம், காய்கிற நேரம் தனி.

அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் ஒரு ரீபோர் செலவு செய்தேன் :-(

பெட்டியில் வந்த பந்தய வண்டி, புத்தகத்தில் வந்த மெக்கானிக்

1968-ல் யமஹா டி.டி 1 என்ற வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. 246 சி.சி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். லைட், ஹாரன் எல்லாம் உண்டு. வாரநாளில் வேலைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகலாம். இதை வாங்கியவர்களுக்கு யமஹா 'ஜி.ஒய்.டி கிட்' என்று ஒன்றைத் தனியாக விற்றது. பிஸ்டன், சிலிண்டர், கார்புரேட்டர், சைலன்சர் என ஒரு தொகுப்பு. வீட்டிலேயே மாட்டினால் ரோட்டு வண்டி பந்தய வண்டியாகிவிடும். கம்பெனியே வாடிக்கையாளரைப் பார்த்து "நீயே பிரித்து மாட்டிக்கொள்" என்று சொன்ன காலம் அது!

பிரிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் ஒருவர் கிளம்பினார். ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேயர் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்து மாட்ட உதவினார். கம்பெனி கொடுத்த கையேடு சாதாரண ஆளுக்குப் புரியும்படி இல்லை என்று கண்டார். ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, 1966-ல் முதல் ஹேன்ஸ் கையேட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் ஃபிளாய்ட் கிளைமர் ஆரம்பித்த கையேடுகளும் இதே வேலையைச் செய்தன. பிறகு இதே முறையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. கிரீஸ் கறை படிந்த அந்தப் புத்தகங்கள்தான் ஒரு தலைமுறைக்கு ஆசிரியர். நாம் இன்றைக்கு யூடியூபில் பார்ப்பதை அவர்கள் பக்கம் பக்கமாகப் படித்தார்கள்.

கிக்கரை உதைப்பதற்கு முன் மூன்று கேள்வி

டூ ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோலோடு ஆயிலும் வேண்டும். ஆரம்ப காலத்தில் 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் போன்ற அளவுகளில் கையாலேயே கலந்தார்கள். ஆயிலின் தரம் உயர உயர 32-க்கு 1, 50-க்கு 1 என்று குறைந்தது. 1964-ல் யமஹா 'ஆட்டோலூப்' கொண்டுவந்தது. தனி டேங்கில் ஆயில் ஊற்றினால் போதும், பம்ப் பார்த்துக்கொள்ளும். ஆர்.எக்ஸ் 100-லும் இதுதான். பந்தயக்காரர்கள் மட்டும் இந்த பம்ப்பை நம்பாமல், எடையும் குறையட்டும் என்று மறுபடி கையால் கலப்பதற்கே திரும்பினார்கள். அந்தப் பழக்கம் மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கில் இன்றைக்கும் இருக்கிறது. கலக்க மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும்.

அதேபோல் இக்னிஷன். பழைய வண்டிகளில் 'பாயிண்ட்' இருக்கும். 0.3 முதல் 0.4 மி.மீ இடைவெளி வைக்க வேண்டும், தேயும்போதெல்லாம் சரிசெய்ய வேண்டும். 1970களில் சி.டி.ஐ எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவியது, அந்த வேலையே காணாமல் போனது. நல்லதுதான். ஆனால் பாயிண்ட் கெட்டால் தேய்த்து ஓட்டலாம், சி.டி.ஐ கெட்டால் மாற்றத்தான் வேண்டும். வசதி கூடும்போது கை வேலை கொஞ்சம் குறைவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த வரிசை இது.

1. பெட்ரோல் வருகிறதா? பத்து கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. காய்ந்திருந்தால் டேப், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ஜெட் என வரிசையாகப் பாருங்கள். பல மாதம் சும்மா நின்ற வண்டியில் ஜெட் அடைப்பதுதான் முதல் சந்தேகம்.

2. ஸ்பார்க் வருகிறதா? வேறு ஒரு நல்ல பிளக்கை கேப்பில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து கிக் அடியுங்கள். பிளக் ஓட்டைக்கும் சிந்திய பெட்ரோலுக்கும் தள்ளியே பிடியுங்கள், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நீலப் பொறி வந்தால் நல்லது. வராவிட்டால் பிளக் கேப், வயர், காயில், கில் ஸ்விட்ச். கில் ஸ்விட்சை ஆஃபில் வைத்துவிட்டு அரை மணி நேரம் உதைத்தவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

3. கம்ப்ரஷன் இருக்கிறதா? கிக்கரைக் கையால் அமுக்கினாலே தெரியும். எதிர்ப்பு இல்லையென்றால் ரிங், பிஸ்டன், போர். என் கேஸ்.

பிளக்கின் நிறமும் ஒரு ரிப்போர்ட் கார்டு. பிஸ்கட் நிறம் என்றால் எல்லாம் சரி. கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஃபில்டர் அடைத்துக் காற்று குறைவு. வெள்ளை வெளேர் என்றால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாகிறது, உடனே நிறுத்துங்கள். ஃபில்டரைக் கழற்றினால் காற்று அதிகமாகி இந்த வெள்ளைதான் வரும். நான் அதையும் பார்த்தேன். 'கிளீனா இருக்கே' என்று சந்தோஷப்பட்டேன். அறிவு!

வேகம் கூடியது, வேலையும் கூடியது

பெல்ஜியத்தில் லூசியன் டில்கன்ஸ் என்ற பொறியாளர் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக டேங்குக்கு அடியில் ஒன்றே ஒன்று வைக்கும் மோனோஷாக்கை உருவாக்கினார். அதை யமஹா எடுத்துக்கொண்டது. 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் அதில் 250 சி.சி உலகப் பட்டம் வென்றார். பின்சக்கரம் முன்பை விடப் பல மடங்கு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது.

இதன் விளைவு செயினில் தெரிந்தது. சக்கரம் மேலே போய் வரும்போது ஓர் இடத்தில் செயின் அதிகபட்சம் இறுகும். அதனால் டர்ட் பைக் செயினை ரோட்டு வண்டியை விடத் தளர்வாக விட வேண்டும். தொங்குகிறதே என்று இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங் காலி. 1980களின் தொடக்கத்தில் ஷாக்குக்குக் கீழே லிங்கேஜ் வந்தது. அதற்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளுக்கு கிரீஸ் வைப்பது புது வேலையாகச் சேர்ந்தது. அதே காலத்தில் ரேடியேட்டர் வந்தது, அதன் இடுக்கில் காய்ந்த சேற்றைக் கழுவுவதும் சேர்ந்தது. சிலிண்டர் சுவரில் நிக்கல் பூச்சு வந்தது. தேய்மானம் குறைந்தது, ஆனால் கெட்டால் நம் ஊர் லேத்தில் கடைந்து ரீபோர் செய்ய முடியாது. பூச்சு போடுகிற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பெரிய மாற்றம் 1997-ல். லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் ஜெயித்தார். அடுத்த வருஷம் ஒய்.இசட் 400 எஃப் கடைக்கு வந்தது. டூ ஸ்ட்ரோக் புகைக்கு எதிரான சட்டங்கள் ஒரு பக்கம், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அதிக சி.சி அனுமதித்த பந்தய விதி இன்னொரு பக்கம். சில வருஷங்களில் மோட்டோகிராஸ் களம் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது.

இங்கேதான் ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்கு சுவாரஸ்யம். டூ ஸ்ட்ரோக்கில் அடிக்கடி சின்னச் செலவு. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், முடிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எப்போதாவது ஒரு செலவு, ஆனால் வால்வு, கேம் செயின், ஹெட் என்று மொத்தமாக வரும். தூசி இங்கேயும் விடவில்லை. எடை குறைக்க வைத்த டைட்டானியம் வால்வுகளின் கடினமான மேற்பூச்சைத் தூசி தேய்த்துவிடும். வால்வு மெல்ல மேலே ஏறி, இடைவெளி குறைந்து, சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். காரணம் தேடிப் போனால் பல நேரம் கழுவாத ஃபில்டரில் போய் நிற்கும். அறுபது வருஷம் முன்னால் பாஹா பாலைவனத்தில் இருந்த அதே எதிரி!

நம் ஊர்ப் பக்கம்

இந்தியாவில் முறையான டர்ட் பைக் ரொம்ப காலம் கிடையாது. ஆறு நாள் போட்டியில் செக்கோஸ்லோவாக்கிய அணிக்குப் பலமுறை பட்டம் வாங்கித் தந்த ஜாவாவை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் தயாரித்தது, பிறகு யெஸ்டி என்ற பெயரில். 1996-ல் ஆலை மூடப்பட்டது. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ் 100-ம் அதே 1996-ல் நின்றது. நம் ஊர் மண் பந்தயங்களில் ஆர்.எக்ஸ் 100, டி.வி.எஸ் சுசுகி ஷோகன் போன்ற ரோட்டு வண்டிகளைப் பிரித்து மாற்றித்தான் ஓட்டினார்கள். 1920களின் ஆங்கிலேயர்கள் கொட்டகையில் செய்த அதே வேலை. மோட்டோகிராஸிலிருந்து வந்த சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார்.

2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. மண்ணுக்கென்று செய்த வண்டி சாதாரண மாணவனும் கனவு காணும் விலைக்குப் பக்கத்தில் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 விதிகள் வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஜெட் கழுவும் வேலை இல்லை. ஆனால் சென்சார் கெட்டால் ஸ்கேனர் வேண்டும். எலெக்ட்ரிக் மோட்டோகிராஸ் வண்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் பிளக்கும் இல்லை, ஏர் ஃபில்டரும் இல்லை. செயின், ஸ்போக், பிரேக், பேரிங் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அதனால் 'வீட்டு ரிப்பேர் காலம் முடிந்தது' என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய வேலைகள் நம் கையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெரிய வேலை வராமல் தடுக்கிற சின்ன வேலைகள் 1968-ல் யார் கையில் இருந்ததோ இன்றைக்கும் அவர் கையில்தான் இருக்கின்றன. ஃபில்டர் கழுவுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, ஸ்போக்கைத் தட்டிச் சத்தம் கேட்பது, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் பாஷையில் சொன்னால் இது வருவாயினச் செலவு. இதை மிச்சம் பிடித்தால் முதலே கரையும்.

கடைசியாக ஒன்று. மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். சொல்ல ஒரு வாரம் ஆனது. அவர் திட்டவில்லை. "ஓவர்சைஸ் எத்தனை மிச்சம்?" என்று மட்டும் கேட்டார். "ஒண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்தால் காபி குடிப்பதற்கு முன்னால் வண்டிக்குப் பக்கத்தில் போய் சைடு பேனலைத் திறந்து, ஃபில்டரை விரலால் தொட்டுப் பார்க்கிறார். விரலில் எண்ணெய் ஒட்டினால்தான் உள்ளே வருகிறார்.

இதுவரை ஒட்டாமல் இருந்ததில்லை.

டிஸ்கி: உங்கள் வண்டிக்கான ஆயில் அளவு, செயின் தளர்வு, பிளக் இடைவெளி எல்லாம் அதன் கையேட்டில் இருக்கும். நான் சொன்னதை விட அதை நம்புங்கள். கழற்றும்போது நட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கடைசியில் ஒரு நட்டு மிச்சம் வந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை மக்களே, அபாயம்!